பச்சை விளக்கும் பழுதுபட்ட இணைப்பும்

ஓர் அலுவலகத்தின் மேல்மாடியில் ஒரு கொம்பனி செய்த சுவிச்சும், கீழ்மாடியில் வேறொரு கொம்பனி செய்த சுவிச்சும் ஒரே செப்பு வடத்தினால் இணைக்கப்பட்டிருக்கின்றன எனக் கொள்க. வடத்தைச் செருகியவுடன் இரு பெட்டிகளிலும் பச்சை விளக்கு எரிகின்றது. வேலை முடிந்தது என்று தொழில்நுட்பர் விடைபெற்றுச் செல்கிறார். மறுநாட் காலையிலேயே முறைப்பாடு வருகின்றது. சிறிய கடிதங்கள் தடையின்றிப் போகின்றன. பெரிய கோப்பு ஒன்றை அனுப்பினாலோ அது நத்தையென ஊர்கின்றது. மேல்மாடிப் பெட்டியை விற்றவரைக் கேட்டால் குற்றம் கீழ்மாடிப் பெட்டியில் என்கிறார். கீழ்மாடிப் பெட்டியை விற்றவர் விரலை மேலே நீட்டுகிறார். வடம் இழுத்தவரோ, விளக்குத்தான் எரிகின்றதே என்கிறார். மூவரும் தத்தம் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட்டுப் போன பின்னர், பணம் கொடுத்தவர் மாத்திரம் நடுவே நிற்கிறார்.

இது சிறிய சங்கடம் என்று ஒதுக்கத்தக்கதன்று. வங்கியின் கணக்கு, வைத்தியசாலையின் இரத்தப் பரிசோதனை முடிவு, பாடசாலையின் பரீட்சைப் புள்ளி ஆகியன யாவும் இன்று இத்தகைய வடங்களின் வழியே செல்கின்றன. முற்றாக அறுந்த வடத்தைக் கண்டுபிடித்தல் எளிது. விளக்கு அணைந்துவிடும், எவரும் அதனை மறுக்கமாட்டார். விளக்கு எரிந்துகொண்டே வேலை கெடுவதுதான் ஆட்களை வாரக்கணக்கில் அலைக்கழிப்பது. அவ்வாறு கெடுவதன் காரணத்தை அறிந்தவருக்கு அது பெரும்பாலும் அரை மணி நேர வேலையாக முடிந்துவிடுகின்றது.

சுவிச்சு என்பது ஈண்டு மின்விளக்கை ஏற்றி அணைக்கும் விசையைக் குறிப்பதன்று. பல கணினிகளிலிருந்து வரும் தரவுப் பொதிகளைப் பெற்று, ஒவ்வொன்றினதும் முகவரியைப் பார்த்து, உரிய வாயிலால் அனுப்பிவைக்கும் பெட்டி அது. தபாற் கந்தோரிலே கடிதங்களைப் பிரித்து ஊர்வாரியாகப் பைகளில் இடும் உத்தியோகத்தரின் தொழிலை அது செய்கின்றது. வடம் செருகப்படும் ஒவ்வொரு வாயிலுக்கும் துறை என்று பெயர். இரு சுவிச்சுக்களின் துறைகளை இணைக்கும் வடத்தினுள்ளே எட்டுச் செப்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு, நான்கு சோடிகளாக அமைந்துள்ளன. இவ்வடத்தின் இரு முனைகளிலும் இருக்கும் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் முறைக்கே ஈதர்நெற் என்று பெயர் வழங்குகின்றது.

ஈதர்நெற் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், செரொக்ஸ் கொம்பனியின் பாலோ ஆல்ற்றோ ஆராய்ச்சி நிலையத்திலே பிறந்தது. 1973ஆம் ஆண்டு மே மாதம் 22ஆந் திகதி றொபேட் மெற்காவ் என்பவர் எழுதிய குறிப்பிலே அதன் அடிப்படைக் கருத்து இடம்பெற்றது. அவரும் டேவிட் பொக்ஸ் என்பவரும் அதனைச் செய்துகாட்டினர். 1980ஆம் ஆண்டில் டிஜிற்றல், இன்ரெல், செரொக்ஸ் ஆகிய மூன்று கொம்பனிகளும் ஒன்றுசேர்ந்து அதன் விதிகளை வெளியிட்டன. 1983ஆம் ஆண்டில் மின், இலத்திரனியல் பொறியியலாளர் நிறுவகம் அதனைத் தன் தராதரமாக ஏற்றது. வெவ்வேறு கொம்பனிகளின் பெட்டிகள் ஒரே வலையமைப்பிற் கூடி வாழவேண்டும் என்பதே தராதரம் வகுத்தோரின் நோக்கமாகும்.

ஆதியில் ஈதர்நெற் ஒரே தடித்த வடத்தில் ஓடியது. பல கணினிகள் அவ்வடத்தைப் பொதுவாகப் பயன்படுத்தின. ஒருவர் பேசும்போது மற்றவர் வாய்பொத்திக் கேட்டிருக்க வேண்டும். இருவர் ஒரே வேளையில் பேசத் தொடங்கினால் அது மோதல் எனப்பட்டது. இருவரும் உடனே நிறுத்தி, சிறிது நேரம் பொறுத்து, மீண்டும் பேசுவர். ஒற்றைத் தட வீதியில் எதிரும் புதிருமாக வரும் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடுவது போன்ற இம்முறைக்கு அரை இருவழி என்று பெயரிடலாம். 1990ஆம் ஆண்டில் முறுக்கிய சோடிக் கம்பிகளில் ஈதர்நெற்றைச் செலுத்தும் தராதரம் வந்தது. அனுப்புவதற்கு ஒரு சோடி, பெறுவதற்கு மற்றொரு சோடி எனப் பாதை இரண்டாகப் பிரிந்தது. பின்னர் சுவிச்சுக்கள் பெருகியபோது, ஒரு வடத்தின் இரு முனைகளிலும் இருவர் மாத்திரமே இருந்தமையால், இருவரும் ஒரே வேளையிற் பேசவும் கேட்கவும் வழி பிறந்தது. இது முழு இருவழி. 1997ஆம் ஆண்டில் அதுவும் தராதரத்தினுள்ளே சேர்க்கப்பட்டது. இம்முறையில் மோதல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

1995ஆம் ஆண்டில் செக்கனுக்கு 100 மெகாபிற்று வேகமுடைய ஈதர்நெற் தராதரமாகியது. அதற்கு முன்னர் இருந்த வேகம் 10 மெகாபிற்று. ஒரே வடிவமுள்ள செருகியில் இரு வேகங்களும் இரு பேச்சு முறைகளும் சேர்ந்துவிட்டபடியால், ஒரு முனையில் இருப்பவர் மறுமுனையில் இருப்பவரின் ஆற்றலை முன்கூட்டியே அறிய வேண்டியதாயிற்று. நஷனல் செமிகொண்டக்டர் என்னும் கொம்பனி உருவாக்கிய முறையொன்றை அடிப்படையாகக் கொண்டு, தன்னியக்க உடன்பாடு என்னும் ஏற்பாடு அதே ஆண்டிலே தராதரத்திற் புகுந்தது. தொழில்நுட்பர் இதனை ‘ஓட்டோ’ என்று சுருக்கமாகச் சொல்வர்.

இந்த உடன்பாடு நடைபெறும் விதம் அறிந்து மகிழத்தக்கது. வடம் செருகப்பட்டவுடன், தரவு எதுவும் போகுமுன்னர், இரு துறைகளும் சிறு மின் துடிப்புக்களை அனுப்பத் தொடங்குகின்றன. ஏறத்தாழ 16 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை ஒரு துடிப்புத் தொகுதி புறப்படும். ஒரு தொகுதி முழுவதும் 2 மில்லிசெக்கன் அளவிலே முடிந்துவிடும். அதிலே 33 இடங்கள் உள. அவற்றுள் 17 இடங்களில் எப்பொழுதும் துடிப்பு உண்டு. அவை தாளம் போடுவன போன்றவை. அவற்றின் நடுவேயுள்ள 16 இடங்களில் துடிப்பு இருந்தால் ‘ஆம்’ என்றும், இல்லையேல் ‘இல்லை’ என்றும் பொருள். இவ்வாறு 16 விடைகள் கொண்ட ஒரு சொல் உருவாகின்றது. ‘என்னால் 10 இயலும், 100 இயலும், முழு இருவழியும் இயலும்’ என்பதே அச்சொல்லின் சாரம். எதிர்முனைச் சொல்லை மாறாமல் மூன்று முறை பெற்ற பின்னரே ஒரு துறை ‘கேட்டேன்’ என்று ஒப்புக்கொள்கின்றது. பின்னர் இருவருக்கும் பொதுவாயுள்ள ஆற்றல்களுள் மிக மேலானதை இருவரும் தாமாகவே தேர்கின்றனர். தேர்வதற்குரிய வரிசை தராதரத்திலே எழுதப்பட்டிருப்பதால் அதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை எழுவதில்லை.

இருவரும் பேசினால் உடன்பாடு உண்டாகும். ஒருவர் பேசாவிட்டால் என்ன ஆகும்? பழுதுகளுள் பெரும் பகுதி இந்தக் கேள்வியினுள்ளேதான் அடங்கியிருக்கின்றது.

ஒரு முனையில் உள்ள சுவிச்சை, ‘நீ 100 மெகாபிற்று, முழு இருவழி, அவ்வளவே’ என்று மனிதர் கட்டாயப்படுத்தி வைத்துவிட்டார் எனக் கொள்க. பல பெட்டிகள் அவ்வாறு கட்டாயப்படுத்தப்பட்டவுடன் உடன்பாட்டுத் துடிப்புக்களை அனுப்புவதை நிறுத்திவிடும். மறுமுனை ‘ஓட்டோ’ நிலையிலேயே இருக்கின்றது. அது தன் சொல்லை அனுப்பிப் பார்க்கின்றது, மறுமொழி இல்லை. ஆயினும் கம்பியிலே 100 மெகாபிற்றுக்குரிய மின்னலை ஓடுவதை அது உணர்கின்றது. ஆகவே வேகம் 100 என்று சரியாகக் கண்டுகொள்கின்றது. ஆனால் எதிர்முனை முழு இருவழியா அரை இருவழியா என்பதை மின்னலையைக் கொண்டு அறியவியலாது. அவ்வாறான நிலையில் அரை இருவழி என்று கொள்ளுமாறு தராதரம் கட்டளையிடுகின்றது. உடன்பாடு பேசத் தெரியாத பழைய கருவிகள் பெரும்பாலும் அரை இருவழியினவே ஆதலின், அக்கட்டளை அக்காலத்திற்கு நியாயமானதே. விளைவு யாதெனில், ஒரு முனை முழு இருவழி, மறுமுனை அரை இருவழி. இரு முனையிலும் பச்சை விளக்கு எரிகின்றது. இரு பெட்டிகளும் தத்தம் விதிப்படியே நடக்கின்றன. எந்தப் பெட்டியிலும் பழுதில்லை. பழுது அவற்றின் நடுவே இருக்கின்றது.

இப்பொழுது நடப்பதைக் கவனித்தல் வேண்டும். முழு இருவழி முனை, எதிரே பேச்சு நடக்கின்றதா என்று பாராமல், தனக்குத் தோன்றிய போதெல்லாம் பொதிகளை அனுப்புகின்றது. அரை இருவழி முனை தான் அனுப்பிக்கொண்டிருக்கையில் எதிரிலிருந்து பொதி வரக் கண்டதும், மோதல் நேர்ந்துவிட்டது என்று எண்ணித் தன் பொதியை இடைநடுவில் வெட்டிவிடுகின்றது. அரைகுறையாக வெட்டப்பட்ட பொதி எதிர்முனையை அடைகின்றது. அம்முனை பொதியின் இறுதியிலுள்ள சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, பொருந்தாமையால் அதனை வீசிவிடுகின்றது. பொதியின் முதல் 64 பைற்றுக்களுக்குள்ளே மோதல் நேர்ந்திருந்தால் அரை இருவழி முனை மீண்டும் அனுப்பிப் பார்க்கும். அதற்குப் பின்னர் நேர்ந்தால் அது பிந்திய மோதல் எனப்படும். ஒழுங்காக அமைந்த வலையமைப்பில் அப்படியொன்று நேரவே கூடாது. அவ்வாறு நேர்ந்த பொதியைப் பெட்டி பெரும்பாலும் திருப்பி அனுப்புவதுமில்லை, கைவிட்டுவிடும். எதிரிலிருந்து அவ்வேளையில் வந்த பொதியும் மோதலின் துண்டென்று கருதப்பட்டுத் தொலைந்துபோகின்றது.

ஆகவே இந்நோய்க்கு இரு முனைகளிலும் இருவேறு குறிகள் தோன்றும். அரை இருவழி முனையின் எண்ணிகளிலே மோதல்களும் பிந்திய மோதல்களும் ஏறிக்கொண்டே போகும். முழு இருவழி முனையின் எண்ணிகளிலே சரிபார்ப்பு வழுக்களும் வெட்டுண்ட குறும்பொதிகளும் ஏறும். ஒரு முனையை மாத்திரம் பார்ப்பவர் வடத்தைச் சந்தேகிப்பார். இரு முனைகளையும் ஒருங்கே பார்ப்பவர் காரணத்தை உடனே காண்பார். பொறியியலாளர் வழக்கமாகச் செய்யும் ‘பிங்’ என்னும் சோதனை இவ்விடத்தில் ஏமாற்றிவிடுவதுண்டு. அது செக்கனுக்கு ஒரு சிறு பொதியை அனுப்பி, மறுமொழி வருகின்றதா என்று பார்ப்பது. அவ்வளவு அமைதியான வேளையிலே இரு முனைகளும் ஒருசேரப் பேசும் வாய்ப்பு அரிது. நூறு பொதி அனுப்பினால் நூறும் திரும்பும். போக்குவரத்து மிகும்போதே நோய் தலைகாட்டும். காலையில் சோதித்தவர் நன்று என்று சான்று தர, அலுவலகம் நிறைந்த பத்து மணிக்கு எல்லாம் ஊர்ந்துபோவதன் மர்மம் இதுவே.

வெவ்வேறு கொம்பனிகளின் பெட்டிகளிடையே இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த உடன்பாட்டு விதிகளில் சில இடங்கள் இருபொருள்படும்படி அமைந்திருந்தன. ஒவ்வொரு கொம்பனியும் தனக்கு விளங்கியவாறு செய்தது. ஒரே கொம்பனியின் இரு பெட்டிகள் ஒன்றையொன்று நன்கு புரிந்துகொண்டன. அயற் கொம்பனியின் பெட்டியோடு பேசும்போது தடுமாறின. 1998ஆம் ஆண்டுப் பதிப்பிலே அந்த ஐயங்கள் பெரிதும் நீக்கப்பட்டன. அதற்கிடையில் அநுபவப்பட்ட பொறியியலாளர்கள் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டுவிட்டனர். ‘ஓட்டோவை நம்பாதே, இரு முனையையும் கட்டாயப்படுத்தி வை’ என்பது அவ்வழக்கம். அக்காலத்துக்கு அது தக்கதே. ஆனால் காரணம் மறைந்த பின்னரும் வழக்கம் மறையவில்லை. ஒரு முனையில் கட்டாயப்படுத்தியவர் இடமாற்றம் பெற்றுப் போனார். அவருக்குப் பின் வந்தவர் மறுமுனையில் புதிய பெட்டி வைத்தார். அது ‘ஓட்டோ’ நிலையில் வந்தது. பழைய நோயைத் தடுக்க எடுத்த மருந்தே இப்பொழுது நோயை உண்டாக்கியது. 2005ஆம் ஆண்டிலும் ஸ்ரனிஸ்லாவ் ஷலுனோவ், ரிச்சர்ட் கார்ல்சன் ஆகிய இருவரும் இந்தப் பொருத்தமின்மையைத் தொலைவிலிருந்தே கண்டுபிடிக்கும் வழியை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர் என்றால், அது எவ்வளவு காலம் நிலைத்து நின்று தொல்லை தந்தது என்பதை உணரலாம்.

ஒரே கட்டளைக்கு இரு கொம்பனிகளில் இரு பொருள் இருப்பதும் குழப்பத்தை வளர்க்கின்றது. ‘100, முழு இருவழி’ என்று கட்டளையிட்டால் ஒரு பெட்டி துடிப்புக்களை அடியோடு நிறுத்திவிடும். இன்னொரு பெட்டி துடிப்புக்களைத் தொடர்ந்து அனுப்பி, ‘எனக்கு இயல்வது இது ஒன்றே’ என்று மாத்திரம் சொல்லும். பின்னையதோடு ‘ஓட்டோ’ முனை எளிதில் உடன்படும்; முன்னையதோடு உடன்படாது. ஆதலின் கட்டளையின் சொல்லை மாத்திரம் ஒப்பிடுவது போதாது. இரு பெட்டிகளிலும் இப்பொழுது நடைமுறையில் இருக்கும் வேகம் யாது, இருவழி நிலை யாது, அவை உடன்பாட்டால் வந்தனவா கட்டாயத்தால் வந்தனவா என்பனவற்றை அவற்றின் நிலை அறிக்கையிலே வாசித்தறிதல் வேண்டும்.

1999ஆம் ஆண்டில் செக்கனுக்கு 1000 மெகாபிற்று வேகம் செப்புக் கம்பிக்கு வந்தபோது நிலைமை மாறியது. 100 மெகாபிற்று முறை நான்கு சோடிகளுள் இரண்டையே பயன்படுத்தியது. புதிய முறையோ நான்கையும் பயன்படுத்துகின்றது. ஒவ்வொரு சோடியிலும் இரு திசைகளிலும் ஒரே வேளையிலே 250 மெகாபிற்று வீதம் தரவு செல்கின்றது. ஆரவாரமான சந்தையிலே தன் குரலைத் தானே கழித்துவிட்டு எதிரே நிற்பவரின் குரலை மாத்திரம் கேட்பவரைப் போல, ஒவ்வொரு முனையும் தான் அனுப்பிய அலையைக் கழித்துவிட்டு எஞ்சியதைப் படிக்கின்றது. இதற்கு இரு முனைகளுள் ஒன்று தாளம் போடவும் மற்றது அத்தாளத்தைப் பின்பற்றவும் வேண்டும். யார் தாளம் போடுவது என்பது தன்னியக்க உடன்பாட்டின் போதே தீர்மானிக்கப்படுகின்றது. இரு சுவிச்சுக்களும் சமமான உரிமை உடையனவாயின், ஒவ்வொன்றும் ஓர் எண்ணை எழுந்தமானமாக எடுத்து, திருவுளச்சீட்டுப் போட்டாற்போல முடிவு காண்கின்றன. ஆகவே 1000 மெகாபிற்றுச் செப்பு இணைப்புக்குத் தன்னியக்க உடன்பாடு இன்றியமையாதது. ஒரு முனையில் அதனை முற்றாக நிறுத்தினால் இணைப்பு உண்டாகாமலே போகலாம். இரு முனைகளையும் தாளம் போடுமாறு மனிதர் கட்டாயப்படுத்தினாலும் அவ்வாறே. இரு நட்டுவாங்கத்தின் கீழ் ஆட்டம் நடைபெறுவதில்லை.

நான்கு சோடிகளும் வேண்டப்படுவதால் புதியதொரு பழுதும் தோன்றியது. உடன்பாட்டுத் துடிப்புக்கள் 1, 2 ஆகிய கம்பிகளிலும் 3, 6 ஆகிய கம்பிகளிலுமே செல்கின்றன. 4, 5 கம்பிச் சோடியிலோ 7, 8 கம்பிச் சோடியிலோ ஒன்று அறுந்திருந்தாலும் உடன்பாடு எவ்விதத் தடையுமின்றி முடியும். இரு முனைகளும் ‘1000’ என்று ஒப்புக்கொள்கின்றன. பின்னர் நான்கு சோடிகளிலும் பேச முயன்று தோற்கின்றன. மீண்டும் உடன்பாடு; மீண்டும் தோல்வி. விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கின்றது. சில கொம்பனிகள் இத்தகைய தோல்வி சில முறை நேர்ந்தால் தாமாகவே 100 மெகாபிற்றுக்கு இறங்கிவிடும்படி தம் பெட்டிகளை அமைத்துள்ளன. அது தராதரத்தில் உள்ளதன்று. கொம்பனியின் சொந்த ஏற்பாடு. எனவே ஒரே வடம் ஒரு கொம்பனியின் பெட்டியோடு 100 மெகாபிற்றில் ஓடவும், மற்றொரு கொம்பனியின் பெட்டியோடு ஓடாதிருக்கவும் கூடும். ‘பழைய பெட்டியோடு ஓடியதே, புதிய பெட்டியே பழுது’ என்று தீர்ப்புச் சொல்லுமுன்னர் வடத்தின் நான்கு சோடிகளையும் சோதித்தல் கடனாகும். 1000 வரவேண்டிய இடத்தில் 100 மாத்திரம் வருவது, பெரும்பாலும் எங்கோ ஒரு கம்பி அறுந்துள்ளது என்பதற்கு அடையாளம்.

வடத்தைப் பற்றி இன்னும் சில செய்திகள் உள. முன்னாளில் கணினியைச் சுவிச்சோடு இணைக்க நேர்வடமும், சுவிச்சைச் சுவிச்சோடு இணைக்கக் குறுக்குவடமும் வேண்டப்பட்டன. குறுக்குவடத்திலே ஒரு முனையின் அனுப்பும் சோடி மறுமுனையின் பெறும் சோடியோடு மாற்றிக் கட்டப்பட்டிருக்கும். பின்னர் ஹியூலெற் பக்காட் கொம்பனியின் பொறியியலாளர்கள், சோடிகளைத் துறையே தன்னுள்ளே மாற்றிப் பார்க்கும் வழியைக் கண்டனர். இரு முனைகளும் ஒரே வேளையில் மாற்றிக்கொண்டே இருந்தால் என்றும் சந்திக்கமாட்டா என்பதால், எழுந்தமானமான இடைவெளிகளிலே மாற்றும் தந்திரமும் அதிலுண்டு. ஆனால் பல பெட்டிகளில், வேகத்தைக் கட்டாயப்படுத்தியவுடன் இந்த வசதியும் நின்றுவிடும். நேற்றுவரை நேர்வடத்தில் ஓடிய இணைப்பு, ஒரு கட்டளைக்குப் பின் இறந்துபோவதன் காரணம் சில வேளைகளில் இதுவே.

சோடி மாறிக் கட்டிய வடம் இன்னொரு வஞ்சகன். எட்டுக் கம்பிகளும் முனைக்கு முனை சரியாகத் தொடர்புற்றிருக்கும். மலிவான சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரியும். ஆனால் 3ஆம் கம்பியும் 6ஆம் கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டவையாக இருக்கவேண்டிய இடத்தில், வேறு வேறு சோடிகளிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். முறுக்குத்தான் அயற் சோடியின் இரைச்சலைத் தடுப்பது. முறுக்குக் கெட்டால் குறைந்த வேகத்தில் ஓடும் இணைப்பு மேலான வேகத்தில் வழுக்களைக் கொட்டும். இதனாலேயே செருகியைப் பொருத்துகையில் 13 மில்லிமீற்றருக்கு மேல் முறுக்கை அவிழ்க்கலாகாது என்று விதித்திருக்கின்றனர். மொத்த நீளம் 100 மீற்றருக்கு மேற்படலாகாது. சுவரினுள்ளே ஓடும் நிலையான வடத்துக்கு 90 மீற்றரும், இரு முனைகளிலும் செருகும் குறுவடங்களுக்கு 10 மீற்றரும் எனப் பகிர்ந்துகொள்வது வழக்கம். செக்கனுக்கு 10 கிகாபிற்று வேகத்தில் ஓடும் 2006ஆம் ஆண்டு முறைக்கு, வகை 6 வடத்தில் ஏறத்தாழ 55 மீற்றர் வரையே போகலாம். 100 மீற்றர் வேண்டுமாயின் வகை 6ஏ வடம் வேண்டும். தனித்தனி நில இணைப்புள்ள இரு கட்டடங்களுக்கிடையே செப்பு வடம் இழுத்தல் தகாது. இடிமின்னற் காலத்தில் அது பெட்டிகளுக்கு எமனாகும். அங்கே கண்ணாடி நார் வடமே ஏற்றது.

இக்காலத்துச் சுவிச்சுக்கள் பலவற்றில் வடத்தைத் தாமே சோதிக்கும் ஆற்றல் உண்டு. துறை ஒரு சிறு துடிப்பை அனுப்பி, அதன் எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கின்றது. கம்பியிலே மின்னலை நனோசெக்கனுக்கு ஏறத்தாழ 20 சதமமீற்றர் செல்லுமாதலின், எதிரொலி 400 நனோசெக்கனில் திரும்பினால் அறுவு ஏறத்தாழ 40 மீற்றர் தூரத்தில் உள்ளது என்பது கணக்கு. கிணற்றிலே கல்லைப் போட்டு ஓசை வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை மதிப்பதைப் போன்றது இது. சோதனை நடைபெறும் வேளையில் இணைப்புத் தடைப்படலாம் என்பதனால், வேலை நேரத்தில் இதனைச் செய்வதற்கு முன்னர் உரியவர்களுக்கு அறிவித்தல் வேண்டும்.

இனிப் பழுதைத் தேடும் முறைக்கு வருவோர் ஒரு வரிசையைக் கைக்கொள்ளல் நலம். முதலாவதாக, இரு முனைகளின் நிலை அறிக்கைகளையும் எடுத்து ஒரே தாளில் அருகருகே எழுதுதல் வேண்டும். இரண்டாவதாக, இரு பெட்டிகளின் எண்ணிகளையும் பூச்சியமாக்கி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, பெரிய கோப்பொன்றை இரு திசைகளிலும் அனுப்பிப் பார்த்தல் வேண்டும். பழைய வழுக்கள் சென்ற ஆண்டின் பழுதைக் காட்டிக்கொண்டிருக்கலாம். இப்பொழுது ஏறும் எண்ணே சான்றாகும். 1000 மெகாபிற்றுச் செப்பு முறைக்குத் தராதரம் அனுமதிக்கும் வழுவின் உச்ச அளவு ஆயிரம் கோடி பிற்றுக்கு ஒன்று. நல்ல இணைப்போ நாட்கணக்கில் ஒரு வழுவுமின்றி ஓடும். மூன்றாவதாக, இருவழிப் பொருத்தமின்மை காணப்பட்டால் இரு முனைகளையும் ‘ஓட்டோ’ நிலையில் வைத்து மீண்டும் அளத்தல் வேண்டும். நான்காவதாக, வடத்தை நல்லதென்று அறிந்த வேறொரு வடத்தால் மாற்றிப் பார்த்தல். பின்னர் துறையை மாற்றிப் பார்த்தல். ஒரு வேளையில் ஒன்றை மாத்திரமே மாற்றல் வேண்டும். வடத்தையும் துறையையும் கட்டளையையும் ஒருங்கே மாற்றிவிட்டு, நோய் தீர்ந்தது என்று மகிழ்பவர், அது எதனால் தீர்ந்தது என்பதை அறியமாட்டார். அறியாமல் தீர்ந்த நோய் மீண்டும் வருகையில் அவர் முதலிலிருந்தே தொடங்கவேண்டும்.

விளக்கு சிற்சில வேளை மாத்திரம் அணைந்து எரிகின்றதாயின், மின்சிக்கன ஏற்பாட்டையும் ஒருமுறை நிறுத்திப் பார்க்கலாம். 2010ஆம் ஆண்டில் வந்த தராதரத்தின்படி, போக்குவரத்து இல்லாதபோது துறைகள் அரைத்துயிலுக்குச் செல்லும். ஒரு கொம்பனியின் துறை துயிலெழும் விதம் மற்றொன்றுக்கு ஒத்துவராத நிகழ்ச்சிகள் உண்டு. அவ்வாறாயின் இரு முனைகளிலும் அதனை நிறுத்தி, சில நாள் அவதானித்தல் வேண்டும்.

செப்பும் உடன்பாடும் குற்றமற்றவை என்று துணிந்த பின்னரும் பொதிகள் போகாதிருக்கலாம். அப்பொழுது பழுது சொல்லின் பொருளில் இருக்கக்கூடும். ‘ட்ரங்க்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்று. சிஸ்கோ கொம்பனியின் வழக்கில் அது பல மெய்ந்நிகர் வலையமைப்புக்களை ஒரே வடத்தில் ஏற்றிச் செல்லும் இணைப்பைக் குறிக்கும். ஹியூலெற் பக்காட் வழிவந்த சுவிச்சுக்களின் வழக்கிலோ, பல வடங்களை ஒரே கட்டாகக் கட்டி ஓர் இணைப்பாக்குவதை அது குறிக்கும். தொலைபேசியிலே இருவர் ‘ட்ரங்க் போட்டாயிற்றா?’ ‘போட்டாயிற்று’ என்று பேசி முடிக்கின்றனர். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் இருவரும் செய்தது ஒன்றன்று. இத்தகைய கட்டுக்களை அமைக்கும்போது 2000ஆம் ஆண்டில் தராதரமாகிய உடன்பாட்டு முறையைப் பயன்படுத்தினால், எதிர்முனை கட்டாக இல்லையென்பதைப் பெட்டியே கண்டு ஒதுங்கிக்கொள்ளும். பேச்சின்றிக் கட்டாயமாகக் கட்டினால், ஒரு பகுதிப் பொதிகள் எங்கோ மறைந்துபோகும்.

சுவிச்சுக்களிடையே வட்டமாகப் பாதை அமைந்துவிடாமற் காக்கும் விதிகளிலும் கொம்பனிக்குக் கொம்பனி வேற்றுமை உண்டு. அதனைப் புறக்கணிப்பின் விளைவு கடுமையானது. 2002ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் வைத்தியசாலையின் வலையமைப்பு, அவ்விதிகள் தாங்கும் எல்லைக்கு அப்பால் வளர்ந்துவிட்டமையால், வட்டமிடும் பொதிகளால் மூச்சடைத்து, சில நாட்கள் செயலிழந்தது. வைத்தியர்களும் தாதிமாரும் தாளுக்கும் பேனைக்கும் திரும்பவேண்டியதாயிற்று. அவ்வைத்தியசாலையினர் நடந்ததை மறைக்காமல் உலகறியச் சொன்னமையால், பிறர் அதிலிருந்து பாடம் கற்றனர்.

இவை யாவற்றையும் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். இணைப்பு என்பது இரு முனைகளுக்கும் பொதுவானது. ஒரு முனையை மாத்திரம் ஆராய்ந்து எவரும் அதன் நலத்தைச் சான்றுபடுத்த முடியாது. மேல்மாடிப் பெட்டியை விற்றவரும் கீழ்மாடிப் பெட்டியை விற்றவரும் ஒருவரையொருவர் குறை சொல்வதை விட்டு, தத்தம் எண்ணிகளை ஒரே தாளில் எழுதி அருகருகே வைத்தால், பெரும்பாலான வழக்குகள் அன்றே தீர்ந்துவிடும். அத்தாளைக் கிழித்தெறியாமல், எந்தத் துறை எவ்வாறு வைக்கப்பட்டது, ஏன் வைக்கப்பட்டது என்று திகதியோடு எழுதிப் பெட்டியின் அருகே தொங்கவிடுவது, அடுத்து வருபவருக்குச் செய்யும் பேருதவியாகும். பச்சை விளக்கு சொல்வது, எதிரே யாரோ இருக்கிறார் என்பதை மாத்திரமே. அவரும் இவரும் ஒரே முறையிற் பேசுகின்றனரா என்பதை மனிதரே கேட்டறிய வேண்டும்.